பழைய கணினிகளின் நினைவக அழுத்தமும் நிலைபேறும்

பத்துப் பதினைந்து ஆண்டு உழைத்த வீட்டுக் கணினியொன்று ஒருநாள் காரணம் புலப்படாமல் நின்றுவிடுகின்றது. நீலத்திரை தோன்றுகின்றது. மீண்டும் இயக்கினால் நன்றாகவே இயங்குகின்றது. இரண்டு நாட் கழித்து மறுபடியும் நிற்கின்றது. இத்தகைய கணினியைப் பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவுக்கோ வெள்ளவத்தைக் காலி வீதியிலுள்ள திருத்தகத்துக்கோ கொண்டுசென்றால் ஆங்குக் கேட்கக்கூடிய பரிகாரங்களுள் ஒன்று, "ராமுக்கு வோல்ற்றேஜைக் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம்" என்பது. அப்பரிகாரம் பலிப்பதும் உண்டு. பலித்தவிடத்து நோய் தீர்ந்ததா, நோயின் குறி மாத்திரம் மறைந்ததா என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படுவது.

நினைவகத்தின் அகத்தே நிகழ்வதை அறியாது அதன் அழுத்தத்தைப் பற்றிப் பேசுதல் இயலாது. இன்று வழங்கும் நினைவகச் சில்லின் அடிப்படைக் கருத்து 1966 இல் ஐ.பி.எம். நிறுவனத்துப் பொறியியலாளர் ரொபேட் டெனாட்டின் உள்ளத்தில் உதித்தது. 1968 இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. ஒரு பிற்றுக்கு ஒரு திரான்சிற்றரும் ஒரு கொள்ளளவியும் போதும் என்பதே அக்கருத்து. கொள்ளளவியில் ஏற்றம் இருப்பின் 1, இல்லையேல் 0. திரான்சிற்றர் வாயிற் கதவாக நின்று ஏற்றத்தை உள்ளே விடுகின்றது, வெளியே எடுக்கின்றது. எளிமை மிக்க இவ்வமைப்பிலே ஒரு குறை உண்டு. கொள்ளளவி ஒழுகும் மட்குடம் போன்றது. நிரப்பிய ஏற்றம் தானே கசிந்துபோகும். ஆதலால் ஒவ்வொரு நிரையையும் 64 மில்லிசெக்கனுக்கு ஒரு முறையேனும் வாசித்து மீள நிரப்புதல் வேண்டும் என்பது நியமம். அஃதாவது, நாம் ஒரு செக்கன் வாளாவிருக்கும்போது, நினைவகம் முழுவதும் பதினைந்து முறைக்குமேல் வெறுமையாகும் தறுவாயிலிருந்து மீட்கப்படுகின்றது. சில்லின் வெப்பநிலை 85 பாகை செல்சியசைக் கடந்தால் கசிவு விரைவுறும்; அப்போது இக்காலவெல்லை 32 மில்லிசெக்கனாகக் குறைக்கப்படும்.

குடத்தில் நீர் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது எங்ஙனம்? கொள்ளளவியிலிருந்து வரும் ஏற்றம் மிகச் சிறிது. அதனை ஓர் உணர்பெருக்கி, கொடுக்கப்பட்ட அழுத்தத்தின் சரிபாதியோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றது. பாதிக்கு மேலாயின் 1, கீழாயின் 0. டி.டி.ஆர். வகையில் நினைவகத்துக்கும் அதனை ஆளும் கட்டுப்படுத்திக்கும் இடையே ஓடும் சைகைகளும் இவ்வாறே பாதியழுத்தத்தோடு ஒப்பிடப்படுகின்றன. எனவே அழுத்தம் என்பது நினைவகத்துக்கு ஊட்டப்படும் உணவு மாத்திரமன்று. எது ஒன்று, எது சுழியம் என்று அளந்து கூறும் அளவுகோலும் அதுவே. அளவுகோல் நடுங்கினால் அளவு பிழைக்கும்.

அழுத்தத்தைக் கூட்டினால் ஏன் நன்மை விளைகின்றது என்பதும் இதனால் விளங்கும். திரான்சிற்றர்கள் விரைந்து திறந்து மூடுகின்றன. சைகை குறித்த நேரத்துக்கு முன்னரே உரிய மட்டத்தை எட்டிவிடுகின்றது. ஒன்றுக்கும் சுழியத்துக்கும் இடைப்பட்ட தூரம் அகல்கின்றது. ஆயின் இதற்கு விலை கொடுக்க வேண்டும். மாறுநிலையில் செலவாகும் வலு அழுத்தத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. 1.5 உவோற்றை 1.65 ஆக்கினால் அழுத்தம் நூற்றுக்குப் பத்தே கூடுகின்றது. வலுவோ நூற்றுக்கு இருபத்தொன்று கூடுகின்றது. அவ்வலு வெப்பமாக மாறும். வெப்பம் கசிவை வளர்க்கும். ஒரு கையால் நிரப்பியதை மறு கையால் ஒழுகவிடும் நிலைமை இது.

தலைமுறைதோறும் இவ்வழுத்தம் குறைந்தே வந்துள்ளது. 1990 களின் முற்பகுதியிலிருந்த 72 முனை அட்டைகள் பெரும்பாலும் 5 உவோற்றில் இயங்கின. அதன்பின் வந்த எஸ்.டி.ராம் 3.3 உவோற்றையும், 2000 ஆம் ஆண்டு நியமமான டி.டி.ஆர். 2.5 உவோற்றையும், 2003 இன் டி.டி.ஆர்.2 1.8 உவோற்றையும், 2007 இன் டி.டி.ஆர்.3 1.5 உவோற்றையும் கொண்டன. டி.டி.ஆர்.4 இற்கு 1.2, 2020 இல் நியமம் வெளியான டி.டி.ஆர்.5 இற்கு 1.1. அழுத்தம் குறையக் குறைய அனுமதிக்கப்படும் பிறழ்ச்சியும் சுருங்கியது: டி.டி.ஆருக்கு இருபுறமும் 0.2 உவோற்று, டி.டி.ஆர்.2 இற்கு 0.1, டி.டி.ஆர்.3 இற்கு 0.075. ஒரு தலைமுறை அட்டையை மற்றொரு தலைமுறைப் பொருத்தியில் நுழைக்க இயலாதபடி அடிவிளிம்பிலுள்ள வெட்டின் இடம் மாற்றப்பட்டிருப்பது, தவறான அழுத்தம் பாயாமற் காக்கும் ஏற்பாடுமாகும். ஒரே தலைமுறைக்குள் அத்தகைய காவல் இல்லை. 1.35 உவோற்றுக்கென அமைந்த டி.டி.ஆர்.3எல் அட்டை 1.5 உவோற்றிலும் இயங்கும், ஆனால் 1.5 உவோற்றுக்கே உரிய சாதாரண டி.டி.ஆர்.3 அட்டையை 1.35 உவோற்று மாத்திரம் வழங்கும் மடிக்கணினியில் இட்டால், அது சில வேளை இயங்கும், சில வேளை இயங்காது. பழைய அட்டைகளை வாங்குவோர் அந்த ஓர் எழுத்தைப் பார்த்து வாங்குதல் வேண்டும்.

தாய்ப்பலகைகளில் இவ்வழுத்தத்தை மாற்றும் வசதி 2000 ஆம் ஆண்டை அடுத்துப் பெருகியது. வேக விளையாட்டில் ஈடுபாடுடையோர் அதனைப் பெரிதும் விரும்பினர். வின்பொண்ட் நிறுவனத்தின் பி.எச்-5 என்னுஞ் சில்லுகள் 2.5 உவோற்று நியமத்தை மீறி 3 உவோற்றுக்கு மேலும் தாங்கி விரைந்தமையால் அவர்களிடையே பெரும்புகழ் பெற்றன. அந்நாளில் நினைவகக் கட்டுப்படுத்தி பல கணினிகளில் தாய்ப்பலகையிலுள்ள தனிச் சில்லொன்றில் இருந்தது. அளவு மீறினால் பெரும்பாலும் ராம் அட்டையே இழப்பாயிற்று. ஏ.எம்.டி. நிறுவனம் 2003 இலும் இன்ரெல் நிறுவனம் 2008 இலும் கட்டுப்படுத்தியை மேசைக் கணினிகளின் முறைவழியாக்கிக்குள்ளேயே அமைத்தபின் நிலைமை மாறியது. 2008 நவம்பரில் வெளியான முதற் கோர் ஐ7 முறைவழியாக்கிகளோடு, நினைவகத்துக்கு 1.65 உவோற்றுக்கு மேற் கொடுத்தால் முறைவழியாக்கியே பழுதாகக்கூடும் என்ற எச்சரிக்கையும் வந்தது. பழைய பழக்கத்தில் 1.8, 1.9 என்று கூட்டுவோர் இன்றும் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

பலகைகள் இவ்வமைப்பைக் காட்டும் முறையும் ஒரு சீரானதன்று. சில முழு அழுத்தத்தையும் காட்டும். சில "+0.1", "+0.2" என்று கூட்டுத்தொகையை மாத்திரம் காட்டும், அடிப்படை 1.8 என்பதை அறியாதவர் அதனை விளங்கிக்கொள்ளார். கிகாபைற் நிறுவனத்தின் பழைய பலகைகள் சிலவற்றில் கொன்றோல், எஃப்1 ஆகிய இரு விசைகளையும் சேர்த்து அழுத்தினாலன்றி அமைப்புகள் யாவும் வெளிப்படா.

இனி, கணினி நிற்பதிலும் பெரிய தீங்கு ஒன்றைக் கூறவேண்டும். நின்றுபோன கணினி தன் பிழையைத் தானே அறிவிக்கின்றது. நில்லாது பிழைசெய்யும் கணினி அறிவிப்பதில்லை. நினைவகத்தில் ஒரு பிற்று மாறினால், அது கட்டளையொன்றின் பகுதியாயின் கணினி நிற்கலாம். எழுத்தொன்றின் பகுதியாயின் எழுத்து மாறும், அவ்வளவே.

தமிழெழுத்துக்களுக்கு இது பொருந்துமாற்றை எண்ணிப் பார்த்தல் சுவையுடையது. ஒருங்குறியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ககரத்தின் எண் 2965. வகரத்தின் எண் 2997. இடைப்பட்ட வேறுபாடு 32. இரும எண்ணில் எழுதினால் ஒரேயொரு பிற்று. அந்த ஒரு பிற்று புரண்டால் கலை வலையாகும், கடை வடையாகும். பகரம் 2986, மகரம் 2990, வேறுபாடு 4, இதுவும் ஒரே பிற்று. பணம் மணமாகிவிடும். ரகரமும் றகரமும் 2992, 2993. லகரமும் ளகரமும் 2994, 2995. நகரமும் னகரமும் 2984, 2985. மாணவர் கட்டுரைகளில் ஆசிரியர் சிவப்பு மையாற் சுழிக்கும் மயங்கொலிப் பிழைகளுட் சில, கணினிக்குள் ஒவ்வொரு பிற்றுத் தொலைவிலேயே அமர்ந்திருக்கின்றன. கரி கறியாவதற்கு மாணவனின் கவனக்குறைவுதான் வேண்டும் என்பதில்லை. தளர்ந்த நினைவகமும் போதும். பின்னர் அப்படியைத் திருத்துபவர் தட்டெழுதியவரையே குறைகூறுவார்.

எழுத்தாயின் படிப்பவர் கண்டுபிடிக்கக்கூடும். எண்ணாயின்? சங்கமொன்றின் சந்தாப் பதிவேட்டிலோ வகுப்பொன்றின் புள்ளிப் பட்டியலிலோ ஓரிலக்கம் மாறினால் அதனை ஐயுறுவதற்குக் காரணமே இராது. மேலும், காப்புப் பிரதி எடுக்கும்போதும் கோப்பு நினைவகத்தின் வழியாகவே ஒரு வட்டிலிருந்து மறு வட்டுக்குச் செல்கின்றது. வழியிற் புரண்ட பிற்று, புதிய வட்டிலே குற்றமற்ற தரவாகவே பதியப்படும். நம்மவர் பலர் பழைய மலர்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் வீட்டுக் கணினியில் வருடிச் சேர்த்து வைக்குங் காலம் இது. 2005 இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தின் முயற்சி இவ்வார்வத்தைப் பெரிதும் வளர்த்தது. அச்சுப்பிரதி செல்லரித்தபின் எஞ்சுவது அக்கோப்பு ஒன்றேயாயின், அதனைத் தாங்கிச் சென்ற நினைவகத்தின் நிலைபேறு சிறிய விடயமன்று.

இவை அருமையாக நிகழ்வன என்று ஒதுக்குதற்கும் இடமில்லை. கூகிள் நிறுவனத்தின் கணினிகளை ஆதாரமாகக் கொண்டு ரொறன்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளரும் அந்நிறுவனத்தாரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வு, ஓராண்டில் நூறு ராம் அட்டைகளுள் எட்டுக்கு மேற்பட்டவை பிழை காட்டின என்று கண்டது. அவை பிழையைக் கண்டறிந்து திருத்தும் வசதியுடைய அட்டைகள்; அதனாலேயே பிழைகள் எண்ணப்பட்டன. நம் வீட்டுக் கணினிகளுட் பெரும்பாலானவற்றில் அவ்வசதி இல்லை. எண்ணுவாரின்றியே அவை நிகழ்கின்றன.

கொழும்பிலே பழைய கணினிகளின் நிலைபேற்றைக் குலைக்கும் காரணங்கள் சில சிறப்பாக உள்ளன. அவற்றுள் முதலாவது மின்வெட்டு. பழைய தாய்ப்பலகைகளில் நாம் அமைத்த அழுத்தம், வேகம் முதலியன யாவும் சிறியதொரு நினைவகத்திலே, நாணயம் போன்ற 3 உவோற்று மின்கலத்தின் துணையால் நிலைக்கின்றன. சுவர்ச் செருகியில் மின் இருக்கும்வரை, கணினி நிறுத்தப்பட்டிருந்தாலும், வலுவழங்கி அந்நினைவகத்தைப் பேணும். மின்கலம் ஏறக்குறைய ஓய்வாக இருக்கும். மின் இல்லாதபோதே மின்கலம் செலவாகும். 2022 மார்ச்சு 31 ஆந் திகதி 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டமை பலருக்கு மறந்திராது. இடிமின்னலுக்கு அஞ்சி இரவுதோறும் சுவர் ஆளியை நிறுத்தும் நம் வழக்கமும் மின்கலத்துக்கு வெட்டே. மின்கலம் நலிந்தால், வெட்டு முடிந்து கணினி எழும்போது எல்லா அமைப்புகளும் தொடக்க நிலைக்கு மீள்கின்றன. 2.1 உவோற்றில் இயங்குமாறு உற்பத்தியாளரே குறித்த டி.டி.ஆர்.2 அட்டை, அப்போது 1.8 உவோற்றில் இயங்க நேர்கின்றது. நேற்றுவரை நன்றாயிருந்த கணினி இன்று தள்ளாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கடிகாரத்தில் திகதி பல்லாண்டு பின்னோக்கிச் சென்றிருப்பின் ஐயமே வேண்டா. 2025 பெப்ரவரி 9 ஆந் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டது என்று அமைச்சர் அறிவித்தார். அன்று மாலை எத்தனை கணினிகள் தம் அமைப்பை மறந்து எழுந்தனவோ!

இரண்டாவது, கடற்காற்று. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் வாழ்வோர் யன்னற் கம்பிகள் துருப்பிடிப்பதை நன்கறிவர். அதே உப்பும் ஈரமும் ராம் அட்டையின் தொடுமுனைகளையும் சென்றடைகின்றன. 72 முனை அட்டைகளின் காலத்தில் வெள்ளீயம் பூசிய முனைகளைப் பொன் பூசிய பொருத்தியில் இட்டமையால் விளைந்த அரிப்பு பெருந்தொல்லையாயிருந்தது. பிற்கால அட்டைகளில் முனை பொன்னாயினும், பூச்சு மெல்லியது. அழுக்குப் படிந்தால் தடை கூடும். தடை கூடினால் சில்லைச் சென்றடையும் அழுத்தம் குறையும். இவ்விடத்தில் பயோசுக்குள் நுழைந்து 0.1 உவோற்றைக் கூட்டுவது, அழுக்கின் ஊடாக அழுத்தத்தைத் திணிப்பதாகும். அட்டையைக் கழற்றி, முனைகளை மென்மையான அழிறப்பரால் துடைத்து, துகள்களை நீக்கி மீண்டும் பொருத்துவதே முறை.

மூன்றாவது காரணம் மின்பகுபொருட் கொள்ளளவிகளின் முதுமை. வலுவழங்கியிலிருந்து வரும் மின்னைத் தாய்ப்பலகை நினைவகத்துக்குரிய அழுத்தமாகக் குறைத்து வழங்குகையில், எஞ்சும் அலைவைச் சமன் செய்வன இவையே. 1999 இற்குப் பின் சில ஆண்டுகள் உற்பத்தியான பலவற்றில் மின்பகுபொருள் குறையுடையதாயிருந்தமையால், அவை வீங்கி வெடித்து உலகெங்கும் பல்லாயிரம் பலகைகளைப் பாழாக்கின. டெல் நிறுவனத்தின் ஒப்ரிபிளெக்ஸ் ஜி.எக்ஸ்.270 அவற்றுட் பெயர்போனது. குறையற்றவற்றுக்கும் ஆயுள் உண்டு. வெப்பநிலை 10 பாகை கூடுந்தோறும் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவிதி. 105 பாகையில் 2,000 மணித்தியாலம் உழைப்பதென்று குறிக்கப்பட்ட கொள்ளளவி 65 பாகையில் ஏறக்குறைய 32,000 மணித்தியாலம் உழைக்கும். ஓயாது இயக்கினால் அது நான்கு ஆண்டுக்குங் குறைவு. குளிர்தேசத்து அறைக்கும், ஆண்டு முழுவதும் சராசரி 27, 28 பாகையாகவுள்ள கொழும்பு அறைக்கும் உள்ள வேறுபாடு இங்கே ஆண்டுக் கணக்கிற் பேசும். தலை வீங்கிய கொள்ளளவியுடைய பலகையில், பல்மானியால் அளந்தால் சராசரி அழுத்தம் சரியாகவே தோன்றும். அலைவோ அம்மானிக்குப் புலப்படாது. அழுத்தத்தைக் கூட்டினால் அலையின் பள்ளங்கள் மேலேறுவதால் கணினி சில மாதம் நிலைபெறும். முகடுகளும் உடனேறுகின்றன என்பதை எவரும் காண்பதில்லை. திருத்தகத்துப் பரிகாரம் பலிப்பதன் இரகசியம் பலவிடத்தும் இதுவே.

ஆகவே பரிகாரத்துக்கு முன் சோதனை வேண்டும். 1994 இல் கிறிஸ் பிறேடி என்பார் எழுதத் தொடங்கிய மெம்ரெஸ்ற்86 என்னுஞ் செயலியும், அதிலிருந்து 2004 இற் கிளைத்த மெம்ரெஸ்ற்86+ என்பதும் இதற்கெனவே உள்ளன. இயக்க முறைமையை எழுப்பாமல், பேனாச் செலுத்தியிலிருந்தோ இறுவட்டிலிருந்தோ இயக்கி, ஓரிரவு முழுவதும் விடுதல் வேண்டும். ஒரு பிழை காட்டினும் அது பிழையே. "ஆயிரத்தில் ஒன்றுதானே" என்பது இங்கே செல்லாது. இரண்டு அட்டைகள் இருப்பின் ஒவ்வொன்றாக இட்டுச் சோதித்தால், குற்றம் அட்டையிலா பொருத்தியிலா என்பதும் தெளிவாகும். கோப்புகளைப் பேணுவோருக்கு இன்னொரு வழியும் உண்டு: பெரிய கோப்பொன்றின் சரிபார்ப்புத் தொகையை இருமுறை கணித்துப் பார்க்கலாம். மாறாத கோப்பிலிருந்து மாறும் விடை வருமாயின் நினைவகத்தையே முதலில் ஐயுற வேண்டும்.

அழுத்தத்தைக் கூட்டுதல் எப்போதும் தவறென்பது நம் கருத்தன்று. அட்டையின் முகப்பிலேயே 2.1 உவோற்று என்று அச்சிட்டிருந்தால் அதனைக் கொடுப்பதே சரி. நான்கு பொருத்திகளையும் நிரப்பியபோது சைகைப் பாதையிற் சுமை கூடுவதால், நியமம் அனுமதிக்கும் எல்லைக்குள் 0.05 உவோற்று உயர்த்துவதும் குற்றமன்று. ஆயின் முனைகளைத் துடைத்து, மின்கலத்தை மாற்றி, கொள்ளளவிகளைக் கண்ணாற் பார்த்தபின்னரும் பிழை தீராவிடின், அழுத்தத்தை உயர்த்துவதிலும் வேகத்தைத் தாழ்த்துவதே அறிவுடைமை. டி.டி.ஆர்.2-800 அட்டையை 667 இல் இயக்கினால், கட்டுரை தட்டெழுதுபவரோ கணக்கு எழுதுபவரோ வேறுபாட்டை உணரார். சைகைக்கு மட்டும் கூடுதல் அவகாசம் கிடைக்கும், வெப்பம் கூடாது, இருபது ஆண்டு மூத்த கொள்ளளவிகளுக்குப் புதிய சுமையும் ஏறாது. விளையாட்டுக்கென வைத்த கணினியில் எவரும் எதையும் சோதிக்கலாம். ஆவணம் தங்கியிருக்கும் கணினிக்கு வேகம் இரண்டாந்தரத் தேவை.

நிலைபெற்ற அமைப்பைக் கண்டறிந்ததும் அழுத்தம், வேகம், நான்கு காலவிடை எண்கள், மின்கலம் மாற்றிய திகதி ஆகியவற்றைத் தாளொன்றில் எழுதிப் பெட்டியின் உட்பக்கத்தில் ஒட்டிவைத்தல் வேண்டும். கோப்பாகச் சேமித்து வைப்பின், வேண்டிய நாளில் அக்கணினியே எழாதிருக்கும். பென்சிலால் எழுதுவது நன்று. நம் கடற்கரை ஈரத்தில் மையெழுத்து ஊறிப்போகும்.